மஞ்சள் அட்டையும் புதன்கிழமையும்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எதை எங்கே கூப்பிடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். என் மகள் படித்துப் பார்த்துத் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பிய பிழைகள் என்னுடையவை.

அந்தியூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டதால் ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது கோயமுத்தூர் கணபதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகனுக்கு வீட்டோடு ஒட்டினாற்போல் சின்ன லேத்துப் பட்டறை. காலையில் மிஷின் ஓடத் தொடங்கும் முன்பு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அங்கே இப்போதிருக்கிற நர்ஸம்மா ஒரு கடிதம் போட்டிருந்தார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களுக்கு மறுபடியும் தனி நாள் ஒதுக்கி, தனி அட்டை கொடுத்து, கதவில் போர்டு மாட்டப் போகிறார்களாம். ‘நீங்கள் இருந்தபோது அப்படி ஒன்று இருந்ததாமே, பிறகு ஏன் எடுத்துவிட்டார்கள்? இங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுதி அனுப்பினால் புது டாக்டரிடம் காட்டுவேன்’ என்று கேட்டிருந்தார்.

நேரில் கேட்டிருந்தால் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அந்தக் குணத்தால் நடந்ததைத்தான் இதில் எழுதப் போகிறேன்.

என் அப்பன் அம்மை தோட்டத்து வேலைக்காரர்கள். ஐந்தாவது முடித்ததும் என்னையும் அதே தோட்டத்தில் மாடு மேய்க்க விட்டார்கள். கட்டுத்தரை வரைக்கும்தான் எனக்குப் புழக்கம். மாடு கட்டுவேன், சாணி அள்ளுவேன், கட்டுத்தரை ஓரம் உட்கார்ந்து அவர்கள் ஊற்றுவதைக் குடிப்பேன். வீட்டுக்குள் எத்தனை அறை என்று தெரியாது. இளவட்டமான பிறகு, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி அங்கே போனேன். சில வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். சீட்டு எழுத ஆள் போடாமலே இருந்ததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு. இந்த நாலு வரியை எழுதிப் பழகத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

வாசலில் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து, “என்ன பண்ணுதுங்க?” என்று கேட்பேன். வருகிறவர் வரிசைக்கே கேட்கிற மாதிரி சொல்வார். சளி, பேதி, சிரங்கு, எதுவானாலும் சத்தமாகத்தான். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

வருகிறவர்களில் ஒரு கூட்டம் மாசத்துக்கு மூன்று நாலு தடவை வரும். மேல் வலி, தலைக் கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இருக்காது. மருந்து கொடுக்கிற சண்முகம் அவர்களுக்கு ‘சீசன் டிக்கெட்’ என்று பெயர் வைத்திருந்தார். “கருப்பணா, இன்னைக்கு சீசன் டிக்கெட் எத்தன?” என்பார். எல்லாருக்கும் சிவப்பு நிறத்தில் ஒரு சத்து ஊசி. போட்டுக்கொண்டு போவார்கள், பத்து நாளில் திரும்ப வருவார்கள். நானும் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு டாக்டரம்மா வந்தார். தெற்கத்திக்காரர். முப்பது வயதுதான் இருக்கும். குரல் மெல்லிசு. என்னைவிட வயதில் அவ்வளவு இளையவர், முதல் நாளே என்னை “வாங்க கருப்பணன்” என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் நோயாளி பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். முதலில், என்ன தொந்தரவு என்று கேட்பார், சொல்வதை எழுதிக்கொள்வார். இரண்டாவது, “சாப்பாடு எறங்குதா?” மூன்றாவது, “தூக்கம் எப்படி?” இந்த மூன்றாவது கேள்விக்கு வந்தவர் உடனே பதில் சொல்லிவிட்டால் மருந்து எழுதி அனுப்பிவிடுவார். கொஞ்சம் யோசித்தாலோ, “அதென்னமோ போங்க” என்றாலோ, பேனாவுக்கு மூடியைப் போட்டு மேசையில் வைப்பார். மூடி போடுகிற அந்தச் சின்னச் சத்தம் வாசலில் இருக்கிற எனக்குக் கேட்கும். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். வரிசையில் யார் கத்தினாலும் உள்ளே விடக் கூடாது.

சீசன் டிக்கெட்டில் ஒரு கைத்தறிக்காரர் இருந்தார். நெஞ்சு அடைக்கிறது என்று வருவார். ஈரோட்டுக்கு இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தும் இருதயத்தில் கோளாறு இல்லை என்று சீட்டு வந்தது. அவருக்கு ஒரு நாள் மூடி போட்டார் டாக்டரம்மா. நான் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஊசி போடலியேப்பா” என்றார். பிறகு, “ஆனா ஊசி போட்டாப்பல இருக்குது” என்று தானே சொல்லிக்கொண்டு போனார். அவருக்கு மாத்திரை கொடுத்ததும், நாலைந்து மாதத்தில் அவர் மறுபடி முழு நாள் தறியில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியும்.

நம் பக்கத்துப் பேச்சு சிலது டாக்டரம்மாவுக்குப் புரியாது. “வெசனம்னா என்ன கருப்பணன்? நிறையப் பேர் சொல்றாங்க” என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. “சாவு ஊட்ல சாப்புடற சோறு மாதிரிங்க. எறங்கவும் எறங்காது, துப்பவும் முடியாது” என்றேன். அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு ‘மனநோய்’ என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. “வெசனம் இருக்குதுங்களா?” என்றுதான் கேட்பார்.

அடுத்த வருடம் அவரைச் சில நாள் கோயமுத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஒரு கட்டு மஞ்சள் அட்டை, ஒரு பெரிய பதிவேடு, சில மருந்து டப்பா, ஒரு போர்டு எல்லாம் கூடவே வந்தன. புதன்கிழமை மனநல நாள். அன்றைக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை. வாராவாரம் அதைக் கொண்டு வந்தால் பார்த்து மருந்து கொடுப்பது. போர்டை நான்தான் ஆணி அடித்து மாட்டினேன்.

நல்ல காரியம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முன்பு இந்த மாதிரி ஆட்களைக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடுவார்கள், இல்லையென்றால் வீட்டுக்குள் பூட்டி வைப்பார்கள். இப்போது பக்கத்து ஊரிலேயே மருந்து. அன்று டாக்டரம்மா எல்லாரையும் வரச் சொல்லி, சண்முகத்தையும் என்னையும் பார்த்துச் சொன்னார்: “இங்க யாரு வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு வெளியில யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க.”

எனக்கு அது ரொம்ப லேசான உத்தரவாகப் பட்டது. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் சில வாரம் கூட்டம் வந்தது. அப்புறம் அந்த அட்டை ஒரு பெயராகிவிட்டது. காலை பஸ்ஸில் கண்டக்டர், “மஞ்ச அட்டையெல்லாம் எறங்கு” என்று எங்கள் நிறுத்தத்தில் சத்தம் போடுவான். பஸ்ஸே சிரிக்கும். சந்தையில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால், “போடா, நீ புதன்கெழம போயி வரிசைல நில்லு” என்பார்கள். நானும் வரிசையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று, “மஞ்ச அட்டைக்காரங்க இந்தப் பக்கம் வாங்க” என்று கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டதும் யாரும் உடனே எழுந்து வர மாட்டார்கள். ஒருவர் எழுந்தால் பின்னால் இன்னொருவர் எழுவார். அது என் கண்ணில் பட்டது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், போய் நிற்பேன். அவர் “என்ன கருப்பணன்?” என்பார். “ஒண்ணுமில்லீங்க” என்று திரும்பி வந்துவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் ராமாத்தாள் வந்தார். இது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. நான் சின்ன வயதில் மாடு மேய்த்த அதே தோட்டத்துக்கு மருமகளாக வந்தவர். நான் அங்கிருந்து கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. கூழ் ஊற்றும்போது ‘போதுமா’ என்று கேட்டு ஊற்றியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாற்பத்தைந்து வயது இருக்கும். சீட்டு எழுதும்போது “தலவலி” என்றார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

டாக்டரம்மா மூன்றாவது கேள்வி கேட்டதும் உள்ளே சத்தமே இல்லை. மூடி போட்டார். நான் கதவைச் சாத்தப் போகும்போது ராமாத்தாள் சொன்னது காதில் விழுந்தது.

“தோட்டமிருக்குது, கெணத்துல தண்ணியிருக்குது, மாடு கன்னு இருக்குது. எனக்கு எதுக்குங்க வெசனம்? ஆனா விடியக்காலம் கண்ணு முழிச்சா, எதுக்குடா முழிச்சோம்னு இருக்குதுங்க.”

அவருக்கும் மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதை அவர் முந்தானையில் முடிந்து, மேலே துண்டு போட்டுக்கொண்டு போனார். புதன்கிழமை தவறாமல் வருவார். பஸ்ஸில் வர மாட்டார், காட்டு வழியே நடந்து வருவார். இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிட்டார். காலையில் பால் சொசைட்டியில், தண்ணீர் கலந்த பால் என்று சொன்னவனிடம், “உன்ற கருவிய மொதல்ல கழுவிப்போட்டு வந்து பேசு சாமி” என்று சண்டை போட்டார். நான் தள்ளி நின்று கேட்டேன். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவருக்கு ஒரு மகள். கல்யாண வயது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஊரில் விசாரிப்பார்கள். பால் சொசைட்டி, ரேஷன் கடை, டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல் என்று சுற்றி வருவார்கள். நேராக எதுவும் கேட்க மாட்டார்கள். “அந்தக் குடும்பம் எப்படிங்க?” என்று ஒரு வார்த்தை. நல்ல குடும்பம் என்றால், “தங்கமான குடும்பமுங்க” என்று பதில் உடனே வந்துவிடும். டீ வருவதற்குள் வந்துவிட வேண்டும். பதில் தாமதமானால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நாள் மதியம் சீட்டு வேலை முடிந்து நான் டீக்கடைக்குப் போனபோது வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பையனுக்குத் தாய்மாமன்.

“ஏனுங்க, ஆஸ்பத்திரில இருக்கறது நீங்கதானுங்களே? வாங்க, உக்காருங்க.”

அவர் மாதிரி ஆள் பக்கத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. நின்றேன்.

“அட உக்காருங்க. டீ சொல்லியிருக்கறனுங்க” என்றார். ஓரமாக உட்கார்ந்தேன். ராமாத்தாளின் தோட்டத்துப் பெயரைச் சொன்னார்.

“அந்த ஊட்டு சனம் எப்படிங்க?”

எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

“அந்தம்மா புதன்கெழமல வர்றாங்களாமே, நெசமுங்களா?”

ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. டாக்டரம்மாவின் உத்தரவு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கை வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தது. டீ வந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ், அவருக்கு ஒன்று. நான் எடுக்கவில்லை. அவர் ஒரு வாய் குடித்து, கிளாஸைப் பாதியோடு கீழே வைத்தார்.

“செரிங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. புரிஞ்சுதுங்க” என்று எழுந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் பஸ் ஏறும் வரைக்கும் நேரம் இருந்தது. ஓடிப்போய், “தங்கமான சனமுங்க, அந்தம்மாவை எனக்கு வந்த நாளிலிருந்து தெரியுமுங்க” என்று சொல்லியிருக்கலாம். அது உத்தரவுக்கு விரோதமும் இல்லை, பொய்யும் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. கால் எழவில்லை.

சம்பந்தம் நின்றது. ‘ஆஸ்பத்திரிக்காரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டானாம்’ என்ற பேச்சு தரகர் மூலமாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ராமாத்தாளின் வீட்டுக்காரர் வீடு முழுவதும் தேடி, விரலி மஞ்சள் மூட்டைக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்து மகளின் முன்னால் கிழித்துப் போட்டாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை ராமாத்தாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “ராமாத்தாள் ஏன் வரலை கருப்பணன்? மாத்திரையை திடீர்னு நிறுத்தக் கூடாதே” என்றார்.

“தெரியலீங்கம்மா” என்றேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலை பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்திருக்கிற நேரம். டிராக்டர் ஒன்று வாசல் வரைக்கும் வந்து நின்றது. வண்டியில் கயிற்றுக் கட்டில் போட்டு ராமாத்தாளைப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இறங்கி, “பயிருக்கு அடிக்கற மருந்த…” என்றார்.

வயிற்றைக் கழுவ வேண்டும். நர்ஸ் ஒருவர்தான் இருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, “தலையை ஒருக்களிச்சுப் பிடிங்க, விடாதீங்க” என்றார். நான் ஒரு நிமிஷம் ராமாத்தாளின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கட்டுத்தரையைத் தாண்டாத ஆள் நான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. “புடி கருப்பா” என்றார். அந்த அம்மாவின் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தலைமயிர் ஈரமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து மேலே என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்துதான் பார்த்தார். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று நினைவில்லை. ஜீப்பில் ஏற்றி ஈரோட்டுக்கு அனுப்பிய பிறகும் என் கை மடங்கவில்லை.

இரண்டு நாளைக்குப் பிழைப்பாரா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் தாக்கல் வந்தது, கண் முழித்துவிட்டார் என்று.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு டாக்டரம்மாவின் அறையைப் பெருக்கப் போனேன். சீமாறைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவுக்கு மூடி போட்டு மேசையில் வைத்தார்.

“கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க” என்றார்.

நோயாளி உட்காரும் ஸ்டூலில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன். டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதை, சந்தையில் பேசுவதை, நான் வரிசையில் கூப்பிடுவதை, எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாள் அவரிடம் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், “தூக்கம் எப்படி?” என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை.

‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். “என்ன பேசக் கூடாதுன்னு சொன்னேன். என்ன பேசணும்னு சொல்லலை. அது என் தப்பு. ஊர்ல நடக்கறதை என்கிட்ட சொல்லாதது உங்க தப்பு” என்றார். பிறகு, “இப்ப என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க” என்றார்.

படித்தவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்து யோசித்துச் சொன்னேன். “அட்டை வேண்டாமுங்க. புதன்கெழமையும் வேண்டாமுங்க. பிரசருக்கும் சக்கரைக்கும் வர்ற சனத்தோட சனமா வந்துட்டுப் போவட்டுமுங்க. எல்லார்த்துக்கும் வெள்ளச் சீட்டு. அப்பறம், அந்தக் கதவுங்க…”

“கதவுக்கென்ன?”

“நீங்க மூடி போட்டாத்தான் நான் சாத்தறனுங்க. சாத்தினா எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோவுதுங்க. கட்டிக்கு வந்தாலும் காய்ச்சலுக்கு வந்தாலும் சாத்திப்போட்டா, யாருன்னு தெரியாதுங்க.”

“சரி, எல்லாருக்கும் சாத்துவோம்” என்றார். மறுநாள் காலையில் போர்டை நானே கழற்றினேன். ஆணி போன ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன்.

சண்முகம் ஒப்புக்கொள்ளவில்லை. “மேல இருந்து கேட்டா கணக்கு எதக் காட்டறது?” என்றார். பதிவேட்டை டாக்டரம்மா தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து, தானே எழுதினார். மாத்திரைகளை மற்ற மாத்திரைகளோடு ஒரே அலமாரியில் வைத்து, ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொன்னார். சீட்டில் ‘என்ன தொந்தரவு’ என்ற வரியை நான் எழுதுவதை நிறுத்தினோம். அதை உள்ளே கதவைச் சாத்திய பிறகு அவரே கேட்டு எழுதினார். ஒவ்வொருவருக்கும் கதவு சாத்தித் திறந்ததில் வரிசை மெதுவானது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். “செரங்குக்கெல்லாம் கதவ சாத்தி ரகசியம் பேசறாங்கப்பா. நாளைக்கு நகம் வெட்டறதுக்கும் சாத்துவாங்க” என்று சண்முகம் கேலி பேசினார். ஆனால் அவர் மடிக்கிற காகிதம் மட்டும் ஒரு நாளும் மாறியதில்லை.

விசாரிக்க வருகிறவர்கள் விஷயத்தில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரைப் பற்றி யார் கேட்டாலும், டீ வருவதற்கு முன்னாலேயே, “நல்ல சனமுங்க” என்று சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் ஒரே பதில். “கருப்பணங்கிட்ட கேட்டா இந்த ஊரே தங்கந்தான்” என்று சண்முகம் சிரிப்பார். குடிகாரன் ஒருவனுக்குப் பெண் கொடுக்க விசாரித்தபோதும் அதையேதான் சொன்னேன். மற்றதை ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் ஒரேயடியாகக் கூடிவிடவில்லை. மஞ்சள் அட்டையில் பயந்து போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கைத்தறிக்காரரும் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ராமாத்தாள் வந்தார். ஈரோட்டிலிருந்து திரும்பிய பிறகு கிராம நர்ஸ் வேறு ஏதோ ஊசி சாக்கில் அந்த வீட்டுக்கு நாலைந்து முறை போய்ப் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு வந்து, பிரசர்க்காரர்களோடு வரிசையில் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. முறை வந்ததும் ராமாத்தாள் என் மேசைக்கு முன்னால் வந்தார். பெயர், வயது, ஊர் எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு நகரவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஏங் கருப்பா, அன்னைக்கு அந்த மனுசங்கிட்ட ‘நல்ல குடும்பம்’னு ஒரு சொல்லு சொல்லியிருந்தீன்னா, அது பொய்யாப் போயிருக்குமா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், “அடுத்தது வாங்க” என்று கூப்பிட்டேன்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். நானும் வேலையை விட்டேன். கடிதம் வந்ததும், ராமாத்தாளைக் கேட்காமல் இதை எழுதக் கூடாது என்று தோன்றியது. அவர் மகள் கல்யாணமாகிக் கொடுமுடியில் இருக்கிறாள், அவர் இப்போது அங்கே வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ராமாத்தாள் எட்டிப் பார்த்து, “அட, கருப்பணனா? உள்ள வா. நாற்காலில உக்காரு” என்றார். அவர் மகளின் மாமியாரும் அங்கே இருந்தார். அந்த அம்மா முன்னால் எப்படிப் பேசுவது என்று நான் விழித்தேன். மெதுவாக, “ஏனுங்கம்மா, ஆஸ்பத்திரியில பழசைப் பத்தி எழுதச் சொல்றாங்க. உங்க சங்கதி வருமுங்க. எழுதட்டுங்களா, வேண்டாமுங்களா?” என்றேன்.

“எழுது. பேர மட்டும் மாத்திப்போடு. எம் புள்ளைக்கு ஒரு நாத்தனா இருக்குறா, அவளுக்கு மாப்ள பாக்கறாங்க” என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்தார். “எனக்குத் தெரியாதுன்னு பாக்கறியா? பொண்ணு கேக்க வந்தன்னைக்கே சம்பந்தி எங்கிட்ட சொல்லிப்போட்டா. ‘நான் வெசனத்துக்கு மாத்தர திங்கறேன், இஷ்டமிருந்தா பேசலாம், இல்லீனா காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க’ன்னா. நாந்தான் சொன்னேன், ‘நானும் சக்கரைக்குத் திங்கறேன், அதுக்கென்ன’ன்னு.”

அன்றைக்கு அந்த டீக்கடை பெஞ்சில் நான் சொல்லாமல் விட்டதை, அவரே தன் வாயால் சொல்லிவிட்டிருந்தார்.

எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மகள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு பேருடைய மாத்திரையும் அதில்தான் இருந்தது. இருவருக்கும் கண்ணாடி போட வேண்டிய வயது, இருவரும் போட்டிருக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள்.

“இது உன்றது, இந்தா. என்றத நீ முழுங்கிப்போடாத” என்றார் ராமாத்தாள்.

“முழுங்கினா என்ன, கொஞ்சம் வெசனமில்லாம இருந்துட்டுப் போறேன்” என்றார் சம்பந்தியம்மா.

நான் கிளம்பும்போது ராமாத்தாள் வாசல் வரை வந்தார். “கருப்பா, நான் இன்னைக்கும் மாத்தர திங்கறேன். வுட்டுப்போட்டேன்னு எழுதிப்போடாத. திங்கறேன்னே எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

1998, கார்த்திகை மாதம் பத்தாம் தேதி, காலை.